திறந்த கேள்வியா, இரண்டில் ஒன்றா?
மொரீசியசின் ரோஸ்ஹில்லிலோ வாக்குவாவிலோ, காலை அவசரத்தில் மூன்று வயதுக் குழந்தையிடம் "என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்பதும், "ரொட்டியா, வாழைப்பழமா?" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதற்கேள்வி பெரிய சுதந்திரம் போலத் தோன்றினாலும், குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு, நாம் மறுத்துவிட்டால், தன் விருப்பத்துக்கு மதிப்பில்லை என்பதையே அது கற்றுக்கொள்கிறது. இரண்டாம் கேள்வியில் எதைத் தேர்ந்தாலும் நமக்குச் சம்மதமே என்பதால், அதன் முடிவு முடிவாகவே நிற்கும். ஏறக்குறைய மூன்று வயது வரை தன்னாட்சியும் (தானே முடிவெடுக்கும் உணர்வு), அதன்பின் முன்முயற்சியும் (தானாகவே ஒன்றைத் தொடங்கும் ஆர்வம்) வளர்வதாக உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் விளக்கினார்.

வீட்டில் மொரீசியசின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு: "நீலச் சட்டையா, மஞ்சள் சட்டையா?" என்னும்போது, விடைக்கு வேண்டிய தமிழ்ச் சொல் கேள்விக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. கிரியோலில் பதில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். திருத்தத் தொடங்கினால் தேர்வு தேர்வாக இராது, பாடமாகிவிடும்.

"வருகிறாயா, அடி வாங்குகிறாயா?" என்பது தேர்வே அன்று, மிரட்டல். சாலையைக் கடக்கையில் கையைப் பிடிப்பதிலும் தேர்வுக்கு இடமில்லை. எந்தக் கை என்று வேண்டுமானால் கேட்கலாம். படம் வரைதல், மணலில் விளையாடுதல் போன்றவற்றுக்குத் திறந்த கேள்வியே சிறந்தது, ஏனெனில் அங்கே நாம் மறுக்க வேண்டிய விடை அநேகமாக இல்லை.