திருப்பூர் வழியா, ஸ்ரீபெரும்புதூர் வழியா?

"எங்க ஊர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி வந்துட்டா போதும்." பின்தங்கிய மாவட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நியாயமான ஆசைதான். ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இரண்டு ஊர்கள் இரண்டு விதமாக வளர்ந்திருக்கின்றன. எந்த வழி வேண்டும் என்று கேட்பதற்கு முன் இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் வேகம் அதிகம். சென்னைத் துறைமுகம், விமான நிலையம், பெங்களூரு நெடுஞ்சாலை எல்லாம் கைக்கெட்டும் தூரம். தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் நிலம் கொடுத்தது, அரசு வரிச்சலுகை கொடுத்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமங்கள் பத்துப் பதினைந்து வருடத்தில் அடையாளம் தெரியாமல் மாறின.

திருப்பூருக்குத் துறைமுகம் கிடையாது, மழையும் குறைவு. கொங்கு மண்ணின் பருத்தி இருந்தது, கோவை ஆலைகளின் நூல் பக்கத்திலேயே கிடைத்தது, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தது. முதலில் உள்ளூர்ச் சந்தைக்குப் பனியன், பல பத்தாண்டு கழித்துத்தான் ஏற்றுமதி.

ஆனால் அங்கே நடந்த ஒரு விஷயம் ஸ்ரீபெரும்புதூரில் நடக்கவில்லை. நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், பிரிண்டிங் வேறொருவரிடம், தையல் மற்றொருவரிடம் என்று ஒரே பனியன் பல பட்டறைகளில் ஏறி இறங்கும். இந்த 'ஜாப் ஒர்க்' முறையில் தொழில் தொடங்கக் கோடி ரூபாய் தேவையில்லை. மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள் கொண்ட நாலு பவர் டேபிளை வாடகை இடத்தில் போட்டால் கடை திறந்தாயிற்று. டெய்லராக வந்தவர் கான்ட்ராக்டராகி, அப்புறம் முதலாளியான கதை அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. எல்லோருக்கும் அந்த ஏணி கிடைத்ததா என்றால், இல்லை. நிலமும் சொந்தபந்தமும் உள்ள விவசாயக் குடும்பங்கள் ஏறிய அளவுக்குத் தலித்துகளோ பெண்களோ ஏற முடியவில்லை. ஒன்றரை ஷிப்ட் வேலையின் களைப்பும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

அடி விழுந்தபோது என்ன ஆனது? நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது வரி வழக்கால் அதன் கைக்குப் போகாமல் நின்ற ஸ்ரீபெரும்புதூர் ஆலை, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. பல ஆயிரம் இளைஞர்கள், அதிலும் நிறையப் பெண்கள், வேலை இழந்தார்கள். அசெம்பிளி லைனில் ஒரே ஒரு வேலையைக் கற்றவர் வீட்டுத் திண்ணையில் செல்போன் செய்ய முடியாது. திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊர் தள்ளாடியது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றினார்கள், கழிவுநீர் துளியும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு மாறினார்கள், மெல்ல எழுந்தார்கள்.

ஆனால் அந்த உத்தரவு ஏன் வந்தது என்பதை மறைக்கக் கூடாது. நொய்யல் சாயக்கழிவு ஓடையாகியிருந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியானது. லாபம் திருப்பூருக்கு, நஷ்டம் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஈரோடு, கரூர் விவசாயிகளுக்கு. இந்த ஒன்றில் ஸ்ரீபெரும்புதூர் வழி மேல். ஒரே வாசல் உள்ள ஆலையைக் கண்காணிப்பது சுலபம், நூற்றுக்கணக்கான பட்டறைகளைக் கண்காணிப்பது கஷ்டம்.

என் மனம் திருப்பூர் பக்கமே சாய்கிறது, ஆற்றைக் காக்கும் ஏற்பாடு முதல் நாளே இருந்தால். பெரிய ஆலைதான் வேண்டுமென்றால் ஓசூரைப் பாருங்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ் எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. ஸ்ரீபெரும்புதூரிலோ ஹூண்டாயோடு கொரிய சப்ளையர்கள் பலரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

தர்மபுரிக்கோ ராமநாதபுரத்துக்கோ நாளை ஒரு கம்பெனி வந்தால், எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, எந்தெந்தப் பாகத்தை உள்ளூர்ப் பட்டறையிலிருந்து வாங்குவீர்கள், அந்த வேலையை எங்கள் ஐடிஐ பையன்களுக்கும் பெண்களுக்கும் யார் கற்றுக்கொடுப்பார்கள் என்பதையும் நிலத்தைக் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.