ஹீட் ரைசர் வால்வு: வைத்துக்கொள்வதா, ஸ்பேசர் போடுவதா?

பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8 வைத்திருப்பவர்களிடம் ஹீட் ரைசர் (குளிர்ந்த இன்ஜினில் கார்புரேட்டரின் அடியைப் புகையால் சூடாக்கும் வால்வு) பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கழற்றிப் போட்டுட்டு ஸ்பேசர் வை." என் 1970 ஷெவெலில் (350 கன அங்குல ஸ்மால் பிளாக் இன்ஜின்; பெட்ரோலைக் காற்றோடு கலந்து தருவது குவாட்ராஜெட் கார்புரேட்டர்) வால்வு துருவேறி இறுகியபோது எனக்கும் அதே யோசனையைத்தான் சொன்னார்கள். நான் புது வால்வு வாங்கிப் போட்டேன். அமெரிக்காவின் குளிர்ப் பகுதியான மினசோட்டாவில் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை ஓடும் வண்டிக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

அது செய்யும் வேலை இவ்வளவுதான். வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்த்தொகுதி) புகைக்குழாய்க்கும் நடுவே, ஒரு ஷாஃப்டில் சுழலும் தகடு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பைமெட்டல் ஸ்பிரிங் (சூட்டில் வளையும் இரட்டை உலோகச் சுருள்) அதை மூடிப் பிடித்திருக்கும். வழி அடைபட்ட புகை சிலிண்டர் ஹெட்டின் நடுவழியாக ஏறி, கார்புரேட்டருக்கு அடியில் இன்டேக் மேனிஃபோல்டை (பெட்ரோல் கலந்த காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்) கடந்து, இடப்பக்கமாக வெளியேறும். அந்தச் சூட்டில் பெட்ரோல் ஒழுங்காக ஆவியாகும். ஸ்பிரிங் சூடேறித் தளர்ந்ததும் வெளியே தொங்கும் எடையும் புகையின் வேகமும் தகட்டைத் திறந்துவிடும்.

ஸ்பேசர் என்பது அதே தடிமனுள்ள வெறும் வளையம். விலை குறைவு, அசையும் பாகம் இல்லை, இறுகவும் இறுகாது. ஃபுளோரிடாவிலோ அரிசோனாவிலோ இருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன். ஆனால் இந்த இன்ஜினில் சோக்கை (குளிர் ஸ்டார்ட்டில் காற்றைக் குறைக்கும் மூடியை) திறக்கும் ஸ்பிரிங், இன்டேக் மேனிஃபோல்டில் அந்தச் சூட்டு வழிக்கு மேலேயே ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சூடு மெதுவாக வந்தால் சோக்கும் மெதுவாகத்தான் திறக்கும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போய், சிலிண்டர் சுவரைக் கழுவி இன்ஜின் ஆயிலில் கலக்கும். இதற்கு எலக்ட்ரிக் சோக் போடலாம் என்பார்கள். சோக் பிரச்சினை அதோடு தீரும், சரி. மேனிஃபோல்டின் தரை குளிர்ந்தே கிடப்பது தீராது. சோக் சீக்கிரமே திறந்துவிட, ஆவியாகாத பெட்ரோல் அங்கே தேங்கி நிற்க, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறும். 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் தூறல் காலையில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படியும் வாய்ப்பும் உண்டு. இதையும் சொல்ல வேண்டும்: ஸ்பேசர் போட்டாலும் புகையின் துடிப்பில் கொஞ்சம் சூடு அந்த வழியே போய்க்கொண்டுதான் இருக்கும். கோடையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

உண்மையில் முடிவு செய்யவேண்டிய இடம் பராமரிப்பு. எல்லாம் தகடு சுழலும் அந்த ஒரு ஷாஃப்டில்தான் இருக்கிறது. புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து அதைத் தாங்கும் புஷ்ஷில் ஈரமாகத் தங்கும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டி, குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் வண்டி, இவற்றில் அந்த ஈரம் காய்வதே இல்லை. துருப்பிடித்து மூடிய நிலையில் இறுகினால்தான் ஆபத்து. வலப்பக்கப் புகை முழுவதும் ஒரு குறுகலான வழிக்குள் திணிக்கப்படும். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும், நெடுஞ்சாலையில் இழுவை போய்விடும், இன்டேக் மேனிஃபோல்டின் நடுவில் பெயின்ட் கருகிப்போகும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்தக் கருகலைத் தேடிப் பாருங்கள். திறந்த நிலையில் இறுகினால் ஸ்பேசர் போட்ட கதைதான்.

இதைத் தடுக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும், இன்ஜின் ஆறியிருக்கையில், எடையைக் கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்று, விட்டதும் தானே திரும்ப வேண்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஃபைட் கலந்த துரு நீக்கும் திரவத்தை விட்டு ஊறவைத்து, முனைகளைச் சின்னச் சுத்தியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் தட்டுங்கள். இன்ஜின் ஆயிலை மட்டும் விடாதீர்கள், அது சூட்டில் கருகி ஷாஃப்டைப் பசைபோட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது ஒரு தடவை, வசந்தத்தில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு தடவை. இதைச் செய்ய மாட்டோம் என்று உங்களுக்கே தெரிந்தால், யோசிக்காமல் ஸ்பேசர் போடுங்கள். கவனிக்காமல் விட்ட வால்வைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக, ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் கொண்டுவந்த வேக்குவம் வகை. கூலன்ட் குளிர்ந்திருக்கும்வரை இன்ஜினின் உறிஞ்சு விசை (வேக்குவம்) ஒரு டயஃப்ரத்தை (மெல்லிய சவ்வை) இழுத்துத் தகட்டை மூடும். அந்தச் சவ்வு கிழிந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் திறந்துவிடும், அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஷாஃப்ட் அதிலும் துருப்பிடிக்கும். பழைய இன்ஜினில் பொருத்த சுவிட்ச், ஹோஸ் என்று வேலை நீளும். நண்பர் ஒருவரின் வண்டியில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்ததுதான் என் அனுபவம், அதனால் இந்த வகையைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது? கண்காட்சிக்குப் போகும் வண்டியென்றால் அசல் பாகம் இருப்பது நல்லது. மற்றபடி யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எதைப் போட்டாலும் பழையதைக் கழற்றும்போது நிதானம் வேண்டும். நட்டுகளை முந்தைய இரவே ஊறவைத்து, சூடுகாட்டித் திருப்புங்கள். ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் முறிந்தால் துளையிட்டுத்தான் எடுக்கவேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ஸ்டட்டும் பித்தளை நட்டும் போடுங்கள். வால்வு போட்டவர்கள் மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பின்னால் போய்ப் பாருங்கள். இரட்டைப் புகைக்குழாய் உள்ள வண்டியில் முதலில் இடப்பக்கம் புகை பலமாகவும் வலப்பக்கம் மெலிதாகவும் வரும். இன்ஜின் சூடானதும் இரண்டும் சமமானால் வால்வு வேலை செய்கிறது.