சேற்றுப்புண்: வேப்பிலையா, வினாகிரியா, பாமசிக் கிறீமா?

காலபோக மழை பிடித்துவிட்டால் வன்னியில் வயலில் நிற்கும் பலருக்குக் கால்விரல் இடுக்கில் கடி தொடங்கிவிடும். பெரும்பாலும் சின்ன விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தோல் அவிந்து, வெள்ளையாகி உரியும். இதுதான் சேற்றுப்புண். இதற்குக் காரணமான பங்கசு (பூஞ்சை) ஈரத்தில் தழைப்பது. அதனால் எந்த மருந்தென்றாலும், வயலால் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இடுக்கைத் தனித்துணியால் ஒற்றிக் காயவிட்ட பிறகே பூச வேண்டும்.

வேப்பிலையும் மஞ்சளும் வளவிலேயே கிடைக்கும். வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவிட்டுக் கழுவினால் கடி கொஞ்சம் தணியும். அரைத்து அப்பி இரவு முழுக்க விடுவதுதான் பிழை: அரைப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மஞ்சள் நிறம் சிவப்புப் பரவுவதை மறைத்துவிடும்.

வீட்டு வைத்தியங்களில் எங்கள் தெரிவு வினாகிரி. ஒரு கோப்பைக்கு நாலு கோப்பை தண்ணீர் கலந்து, நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் பாதத்தை அதில் ஊறவிடுங்கள். தோல் வெடித்திருந்தால் வேண்டாம், எரிவு தாங்காது. இதுவும் துணைக்குத்தான், தனியே நம்ப முடியாது.

பச்சை உள்ளியை நசுக்கிக் கட்டவே கூடாது. அதில் பங்கசைத் தாக்கும் சத்து உண்டுதான், ஆனால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் ரீ ட்றீ ஒயிலுக்கு (ஒரு அவுஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெய்) சான்று உண்டு. 2002இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில், 25 வீதக் கரைசலை நாளுக்கு இருமுறை நாலு கிழமை பூசியவர்களில் 55 வீதமானோருக்குப் பங்கசு அற்றுப்போனது. மருந்தில்லாக் கரைசல் பூசியவர்களில் 31 வீதம். கலக்காமல் பூசாதீர்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும்.

உறுதியாகக் கேட்பது பாமசிக் கிறீம்தான். குளோட்ரிமசோல் 1 வீதம் என்றால் நாளுக்கு இருமுறை, நாலு கிழமை வரை. கடி நின்ற அன்றே நிறுத்துவதால்தான் அது திரும்பி வருகிறது. டெர்பினஃபைன் 1 வீதத்துக்கு வழக்கமாக ஒரு கிழமை போதும். பீற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கிறீம் மட்டும் பூசினால் கடி அடங்கும், பங்கசோ உள்ளே பரவும்.

நீரிழிவுக்காரர் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிவப்பு மேலேறினாலும், சீழ் வைத்தாலும், நெறி கட்டினாலும் அப்படித்தான். காய்ச்சல் வந்தால் வயலில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி இப்படி உரிந்த தோலாலும் உள்ளே போகும்.