பிஎச்பி கொள்கலன்: நீட்சிகளை நாமே தொகுப்பதா, டெபியனிடம் விடுவதா?

இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியைக் கொள்கலனில் (மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டித் தனியே ஓட்டும் உறையில்) ஓட்டலாமா என்ற கேள்விக்கு இன்று யாரும் நேரம் செலவிடுவதில்லை. எந்தப் படிமத்தை (கொள்கலனை உருவாக்கும் அச்சை) அடித்தளமாகக் கொள்வது, அதன் மேல் நீட்சிகளை (மொழிக்குக் கூடுதல் திறன் தரும் பகுதிகளை) எவ்வழியில் ஏற்றுவது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மொரீஷியஸில் ஒரு கோவிலும் அதைச் சார்ந்த மாலைத் தமிழ் வகுப்பும் சேர்ந்து பயன்படுத்தும் பதிவுத் தளத்தை அண்மையில் புதிய வழங்கிக்கு மாற்றியபோது, இந்தத் தேர்வை நானே செய்ய வேண்டியிருந்தது. கொள்கலன்களை உருவாக்கி ஓட்டும் டாக்கர் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பிஎச்பி படிமம், ஆல்பைன் என்னும் சிறிய லினக்ஸ் மேல் அமைந்த அதன் வடிவம், டெபியன் என்னும் லினக்ஸின் வெறும் படிமத்தில் டெபியனின் சொந்தப் பிஎச்பி தொகுப்புகளை ஏற்றுவது ஆகிய மூன்றையும் எடைபோட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலோர் செல்லும் வழி அதுவன்று என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தேவை என்ன என்று பார்க்க வேண்டும். இந்தத் தீவில் ஒரு தமிழ் நிறுவனத்தின் தளம் என்றால் ஆங்கிலம், ஃபிரெஞ்சு, தமிழ் ஆகிய மூன்றிலும் தேதியும் தொகையும் சரியாக வர வேண்டும். மாணவர் பட்டியல் தமிழ் அகர வரிசையில் அமைய வேண்டும். பிஎச்பியின் சாதாரண வரிசைப்படுத்தல் யூனிகோட் எண்களைப் பின்பற்றுவதால் கன்னியப்பனை முன்னும் கமலாவைப் பின்னும் வைக்கும், ஏனெனில் யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வை அடுத்தே நிற்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை, பைட்டுகளை எண்ணும் ஸ்ட்ர்லென் 15 என்றும், யூனிகோட் குறிகளை எண்ணும் எம்பி_ஸ்ட்ர்லென் 5 என்றும், நாம் காணும் எழுத்துகளை எண்ணும் கிராஃபீம்_ஸ்ட்ர்லென் மட்டுமே 3 என்றும் கூறும். அகர வரிசைக்கும் எழுத்தெண்ணிக்கைக்கும் மும்மொழித் தேதிக்கும் வேண்டியது இன்ட்ல் என்னும் ஒரே நீட்சி. அது சார்ந்திருப்பது, மொழிவாரி விதிகளையும் தரவையும் கொண்ட ஐசியு லைப்ரரியை. படம் வரையும் ஜிடி, சுருக்கிய கோப்புகளைக் கையாளும் ஜிப், தரவுத்தள நீட்சி போன்றவையும் தேவைதான் என்றாலும், தேர்வைத் தீர்மானித்தது இன்ட்ல்.

ஆல்பைனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிமம் சிறியது என்பது அதன் புகழுக்குக் காரணம். ஆனால் 2022-இல் வந்த ஆல்பைன் 3.16 முதல் ஐசியு தரவு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஆங்கிலத்துக்கு மட்டுமான 2.6 மெகாபைட் தொகுப்பே இயல்பாக நிறுவப்படுகிறது. மற்ற மொழிகளுக்கு 29 மெகாபைட் முழுத் தொகுப்பைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்க மறந்தால் பிழைச்செய்தி எதுவும் எழாது. தமிழ்ப் பக்கத்தில் தமிழ்த் தேதியும் ஃபிரெஞ்சுப் பக்கத்தில் ஃபிரெஞ்சுத் தேதியும் வராமலே போகும். முழுத் தொகுப்பை ஏற்றிவிட்டால் சிறிய அளவு என்ற லாபத்தில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. இதோடு, ஆல்பைன், டெபியனில் உள்ள ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் என்னும் சி லைப்ரரியைப் பயன்படுத்துவதால், எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் போன்ற இடங்களில் நடத்தை மாறுகிறது. ஆங்கிலம் மட்டும் பேசும் சிறு கட்டளைவரிக் கருவிகளுக்கு ஆல்பைன் போதும்.

அதிகாரப்பூர்வப் படிமத்தின் டெபியன் வடிவமோ மதிக்கத்தக்க போட்டியாளர். புதிய பிஎச்பி வெளியானதும் அங்கே வந்துவிடுகிறது. வலைக் கோரிக்கைகளுக்குப் பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம் 9000-ஆம் வாயிலில் (போர்ட்டில்) காத்திருக்கும்படியும் பதிவுகளை டாக்கர் எடுத்துக்கொள்ளும்படியும் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது. நீட்சிகளைச் சேர்க்க டாக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் என்னும் துணைநிரல் உள்ளது. படிமத்துக்குள் சுருக்கி வைக்கப்பட்டுள்ள பிஎச்பி மூலநிரலை அது விரித்து, நீங்கள் கேட்ட நீட்சியை அங்கேயே தொகுத்து (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றி), அதை இயக்கும் .ini அமைப்புக் கோப்பையும் எழுதிவைக்கும். பிஎச்பியோடு வராத ரெடிஸ் போன்ற நீட்சிகளுக்குப் பெக்ல் என்னும் நீட்சிக் களஞ்சியத்தின் நிறுவியை நாட வேண்டும். இப்போது அதன் இடத்தைப் பிடிக்கப் பை என்னும் புதிய நிறுவி வந்துள்ளது.

கேட்பதற்கு ஒரு வரி வேலையாகத் தோன்றும் இதில், ஒவ்வொரு நீட்சிக்கும் எந்த மேம்பாட்டுத் தொகுப்பு தேவை என்று அறிவது உங்கள் பொறுப்பு. இன்ட்லுக்கு லிபிசியு-டெவ், ஜிப்புக்கு லிப்ஜிப்-டெவ், ஜிடிக்குப் பிஎன்ஜி, ஜேபெக், ஃப்ரீடைப் ஆகியவற்றின் தொகுப்புகளோடு கன்ஃபிகர் கட்டளையில் இரண்டு விருப்பங்கள் எனப் பட்டியல் நீளும். தொகுத்து முடிந்தபின் இடத்தை மிச்சப்படுத்த அவற்றை நீக்கினால், தானியங்கி நீக்கம் இயக்க நேரத்தில் வேண்டிய ஐசியு தொகுப்பான லிபிசியு72-ஐயும் சேர்த்து அகற்றிவிடும். படிமம் சிக்கலின்றி உருவாகும், பிஎச்பி தொடங்கும்போதுதான் இன்ட்லை ஏற்ற முடியவில்லை என்று எச்சரிக்கும். அதைத் தவிர்க்க லிபிசியு72 என்று பெயர் குறிப்பிட்டு, படிமத்தை உருவாக்கும் கட்டளைகள் கொண்ட டாக்கர்ஃபைலில் எழுதிவைத்தவர்களுக்கு 2025 ஆகஸ்டில் வேறொரு வேலை வந்தது. டெபியன் 13 வெளியானதும், டெபியன் பதிப்பைக் குறிப்பிடாத குறிச்சொற்கள் (படிமத்தின் பதிப்புப் பெயர்கள்) டெபியன் 12 ஆன புக்வர்மிலிருந்து டெபியன் 13 ஆன டிரிக்ஸிக்கு நகர்ந்தன. டிரிக்ஸியில் இருப்பது லிபிசியு76. குறிச்சொல்லின் இறுதியில் புக்வர்ம் என்று எழுதிப் பதிப்பைக் கட்டிப்போடுவது இதற்கான மருந்து. அது கட்டாயம் என்று எடுத்த எடுப்பில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தத் தொல்லையை உணர்ந்து, சார்புகளைத் தானே கண்டறிந்து நிறுவி, தொகுத்து, தேவையற்றதை நீக்கிவிடும் இன்ஸ்டால்-பிஎச்பி-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற நிரலைத் தன்னார்வலர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல கருவி, அதிகாரப்பூர்வப் படிமத்தை எடுப்பவர்கள் அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது நல்லது. ஆனாலும் அடிப்படை மாறுவதில்லை: ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்துக்கும் எல்லா நீட்சிகளும் மூலநிரலிலிருந்து மறுபடி தொகுக்கப்பட வேண்டும். இன்ட்லின் ஒரு பகுதி சி++-இல் எழுதப்பட்டது. நினைவகம் குறைந்த மலிவு வழங்கியில் அதைத் தொகுப்பது மெதுவாகத்தான் நடக்கும்.

இந்தப் படிமத்துக்குள், தொகுப்புகளை நிறுவும் டெபியன் கருவியான ஆப்ட் மூலம் டெபியனின் இன்ட்ல் தொகுப்பை நிறுவிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. டெபியனின் பிஎச்பி தொகுப்புகள் உள்ளே வராதபடி ஆப்டின் முன்னுரிமைக் கோப்பில் வேண்டுமென்றே தடை எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தடையில் நியாயம் உண்டு, ஏனெனில் ஒரே படிமத்தில் இரண்டு பிஎச்பி இருந்தால் நீட்சி ஒன்றில் ஏறும், தளம் மற்றொன்றில் ஓடும்.

டெபியன் வழியில் டாக்கர்ஃபைல் சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. டெபியன் 12-ஐ அடித்தளமாக வைத்து, பரிந்துரைத் தொகுப்புகள் வேண்டாம் என்ற விருப்பத்தோடு, பிஎச்பி8.2-எஃப்பிஎம், பிஎச்பி8.2-இன்ட்ல், பிஎச்பி8.2-ஜிடி என்று வேண்டியதை வரிசையாக எழுதினால் போதும். வெறுமனே பிஎச்பி என்று எழுதினால் அப்பாச்சி என்னும் வலை வழங்கியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். லிபிசியுவின் எந்தப் பதிப்பு என்ற கேள்வியே எழாது. இன்ட்லையும் ஐசியுவையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி டெபியனின் பராமரிப்பாளர்கள் தொகுத்துச் சோதித்துத் தருகிறார்கள். ஐசியு தரவும் எல்லா மொழிகளுக்குமாக அதற்குள்ளேயே இருக்கிறது.

என் தேர்வின் அச்சாணி பராமரிப்பு. பிஎச்பி 8.2-க்கு அதை உருவாக்கும் மூலத் திட்டம் தரும் பாதுகாப்பு ஆதரவு 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதன்பின் அதிகாரப்பூர்வப் படிமத்தில் 8.2 மீண்டும் உருவாக்கப்படாது. குறிச்சொல் இருந்துகொண்டே இருக்கும், உள்ளே உள்ளது பழையதாகிக்கொண்டே போகும். டெபியன் 12-க்கோ நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2028 ஜூன் 30 வரை உண்டு. மூலத் திட்டம் கைவிட்ட பின்னும் அதிலுள்ள 8.2-க்கான திருத்தங்களை அதற்கென உள்ள குழு கவனிக்கும். முழுநேர நிரலாளர் ஒருவரை அமர்த்த வசதியில்லாத, தொண்டர்களின் ஓய்வு நேரத்தை நம்பி ஓடும் நிறுவனத்துக்கு இந்தக் கூடுதல் அவகாசம் மிகப் பெரிது. இன்று நான் பார்க்கிறேன். நாளை வேலைக்காக ஃபிரான்சுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய்விட்டால், அடுத்து வருபவருக்குத் தொகுப்பான்கள் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆப்ட் தெரிந்தவர் எங்கும் கிடைப்பார்.

எந்த வழியிலும் கொள்கலன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓடும் கொள்கலனுக்குள் ஆப்ட் மூலம் மேம்படுத்தியது அந்தக் கொள்கலனை நீக்கிப் புதிதாக உருவாக்கும்போது மறைந்துவிடும். வாரந்தோறும் அடித்தளத்தைப் புதிதாக இழுத்து, இடைநிலைச் சேமிப்பைப் பயன்படுத்தாமல் படிமத்தை உருவாக்க, குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு கிரான் வரி வேண்டும். சேமிப்பை அனுமதித்தால் டாக்கர் பழைய ஆப்ட் அடுக்கையே மறுபடி எடுத்துக்கொடுக்கும். டெபியன் வழியில் இந்த மறு உருவாக்கம் பெரும்பாலும் பதிவிறக்க நேரம் மட்டுமே. நீட்சிகளைத் தொகுக்கும் வேலை இல்லாததால் தோல்வியடையவும் அங்கே அதிகம் இல்லை.

டெபியன் வழியின் குறைகளும் உண்மையானவை. அதன் எஃப்பிஎம், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வாழ்வதற்காக அமைக்கப்பட்டது. முன்புலத்தில் ஓடும்படி விருப்பம் கொடுக்க வேண்டும். யூனிக்ஸ் சாக்கெட்டுக்குப் பதிலாக 9000-ஆம் வாயிலைக் கேட்கும்படி எஃப்பிஎம்மின் பூல் அமைப்புக் கோப்பை மாற்ற வேண்டும். பிழைப்பதிவைக் கோப்பிலிருந்து பிழை வெளியீட்டுக்குத் திருப்ப வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டால் தொட வேண்டியதில்லை. இதற்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு: டெபியனில் உற்பத்திச் சூழலுக்கான php.ini அமைப்புக் கோப்பு தானாகவே இடத்தில் இருக்கிறது. அதிகாரப்பூர்வப் படிமத்தில் மாதிரிக் கோப்புகள் இருக்கின்றனவே தவிர எதுவும் செயலில் இல்லை. உற்பத்திச் சூழலுக்கான மாதிரியை நகலெடுக்காதவரை பிஎச்பியின் உள்ளமைந்த இயல்பின்படி பிழைச்செய்திகள் பார்வையாளர் திரையிலேயே காட்டப்படும். மொரீஷியஸ் நேர மண்டலத்தை மட்டும் இரண்டிலும் நாமே எழுத வேண்டும். இல்லையேல் எல்லாம் 4 மணி நேரம் பின்தங்கி நிற்கும்.

ஜிடி பற்றி ஒரு குறிப்பு, எந்தப் படிமத்தை எடுத்தாலும் பொருந்துவது. பிஎச்பியோடு வரும் ஜிடி தமிழ் எழுத்துக்களை உருவமைக்கத் தெரியாதது. ‘கெ’ என்று வரைந்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும். சான்றிதழையும் ரசீதையும் படமாக வரையாமல், எம்பிடிஎஃப் போன்று எழுத்துருவின் விதிகளைப் பின்பற்றும் லைப்ரரி வழியே பிடிஎஃப் ஆக்குவதே சரி. அதற்கு எம்பிஸ்டிரிங், ஜிடி ஆகிய நீட்சிகள் இரண்டும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இவ்வாறு தளம் எதிர்பார்க்கும் நீட்சிகள் அனைத்தையும், பிஎச்பி சார்புகளை நிர்வகிக்கும் கம்போசரின் கோப்பில் தேவைகளாக எழுதிவைத்தால், செக்-பிளாட்ஃபார்ம்-ரெக்ஸ் கட்டளை படிமத்தில் எது விடுபட்டது என்று நேரலைக்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

கொள்கலன்களைப் பல கணினிகளில் நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் நூற்றுக்கணக்கான கொள்கலன்களாகப் பெருக்கி ஓட்டும் சூழலில் என் அனுபவம் குறைவு. அங்கே படிமத்தின் அளவும் தொடங்கும் வேகமும் என் கணக்கைப் புரட்டிப்போடக்கூடும். புதிய மொழி வசதிகள் உடனே வேண்டும் என்பவர்களுக்கும், ஒரு லைப்ரரியை எழுதிப் பல பிஎச்பி பதிப்புகளில் சோதிப்பவர்களுக்கும் அதிகாரப்பூர்வப் படிமம்தான் வசதி. டெபியனின் பிஎச்பியைப் பராமரிப்பவரே நடத்தும் சூரி களஞ்சியத்தில் பல பதிப்புகள் கிடைக்கும். ஆனால் அதைச் சேர்த்தவுடன் டெபியனின் நீண்ட ஆதரவு என்ற காரணம் விழுந்துவிடுவதால் நான் அதை எடுக்கவில்லை.

டெபியன் 13-க்குப் போகும்போது பிஎச்பி 8.2-இலிருந்து 8.4-க்குத் தாவ வேண்டியிருக்கும். அந்தப் பதிப்பில் ஐமேப் நீட்சி மொழியின் மூலத்திலிருந்து நீக்கப்பட்டுப் பெக்லுக்குப் போய்விட்டதால், அஞ்சல்பெட்டியைப் படிக்கும் பகுதியை அதற்குள் மாற்றி எழுத வேண்டும். தைப்பூசக் காவடிப் பதிவு முடியும்வரை அதைத் தொடப்போவதில்லை. அதுவரை 8.4-இன் அதிகாரப்பூர்வப் படிமத்தை என் மடிக்கணினியில் சோதனைக்கு மட்டும் ஓட்டி, எந்த வரிகள் எச்சரிக்கை தருகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.