ஜாக் லண்டன் பண்ணை, கிளென் எல்லன்: ஓநாய் வீட்டோடு திரும்பிவிடாதீர்கள்

பெரியசாமித் தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கிய நாவலை மாக்மில்லன் பதிப்பகத்துக்கு 2,000 டாலருக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டார் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன். 1903இல் வந்த புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது, ராயல்டி கிடையாது. பிறகு தினம் ஆயிரம் சொல் எழுதிச் சம்பாதித்ததில் பெரும்பங்கை விழுங்கியது, கலிஃபோர்னியாவில் 1905 முதல் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த இந்த 1,400 ஏக்கர். இன்று அது மாநில வரலாற்றுப் பூங்கா.

வண்டி நிறுத்த இரண்டு இடங்கள் உண்டு. பலரும் கீழே நிறுத்தி, மனைவி சார்மியன் பின்னாளில் கட்டிய அருங்காட்சியகத்தையும், லண்டன் தனக்கெனக் கட்டிய ஓநாய் வீட்டின் இடிபாட்டையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதிப் பூங்காதான். அருங்காட்சியகத்தில் தென்பசிபிக் பயணத்தில் அவர் சேர்த்த பொருட்களைவிடப் பத்திரிகைகள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதங்களுக்கு நேரம் கொடுங்கள்.

ஓநாய் வீட்டுக்கு அங்கிருந்து அரை மைலுக்குச் சற்று அதிகம். போகும்போது இறக்கம், திரும்பும்போது மூச்சு வாங்கும். 26 அறைகள், 9 கணப்படுப்புகள். குடிபுகச் சில நாட்களே இருந்தபோது, 1913 ஆகஸ்ட் 22 இரவு எரிந்தது. யாரோ கொளுத்திவிட்டார்கள் என்ற பேச்சு வெகுகாலம் ஓடியது. 1995இல் ஆராய்ந்த தீ விபத்து நிபுணர்கள் கைகாட்டியது ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை. மரத்தில் பூசும் அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். துணியைச் சுருட்டிப் போட்டால் சூடு வெளியேறாமல் தானே பற்றிக்கொள்ளும். கற்சுவர்கள் மட்டும் நிற்கின்றன. லண்டனின் சமாதி பக்கத்துக் கிளைப்பாதையில். அந்த வீட்டுக்கென்று வெட்டிய கல்லில் ஒன்றுதான் மேலே கிடக்கிறது.

மேல் நிறுத்தத்துக்கு வண்டியை எடுத்துப் போங்கள். 1916 நவம்பர் 22இல், 40 வயதில், அவர் இறந்த மரவீடு அங்கேதான். உள்ளே விடும் நேரம் குறைவு. நுழைவிலேயே கேட்டுக்கொண்டு அதற்கேற்ப மற்றதை வரிசைப்படுத்துங்கள்.

அடுத்தது 1915இன் பன்றி மாளிகை. பெயர் கேலிதான், வேலை கேலியில்லை: நடுவே வட்டமான தீவனக் கூடம், சுற்றிலும் கல் கொட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் வெளியே உலாவ இடம். ஆள் அலையாமல் நடுவிலிருந்தே எல்லாவற்றுக்கும் தீவனம் போகும். கொரியாவில் 1904இல் போர்ச் செய்தியாளராக இருந்தபோது கண்ட படிக்கட்டு வயல்களை இங்கே சரிவில் வெட்டியிருக்கிறார். மரவியாபாரத்துக்காக ஆயிரக்கணக்கில் நட்ட யூகலிப்டஸ் மட்டும் சுத்தமாகக் காலை வாரியது. அறுத்தால் வெடித்து முறுக்கிக்கொள்ளும் மரம்.