போலெக்ஸ் எச்16 ரிஃப்ளெக்ஸ்: பல வருடம் கையில் வைத்து ஓட்டியதில் தெரிந்தவை

போலெக்ஸ் எச்16 என்பது 16 மி.மீ. பிலிமில் ஓடும் சினிமா கேமரா. பழைய போலெக்ஸ் வாங்க நினைப்பவர்கள் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, ஸ்பிரிங் ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, லென்ஸுக்குப் பின்னால் சொருகும் சின்னஞ்சிறு பில்டர் தகடு. பில்டர் போடாவிட்டாலும் அந்தக் காலித் தகடு அதன் இடத்தில் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் புகுந்து பிலிமைக் கெடுத்துவிடும். விற்பனைக்கு வரும் பல கேமராக்களில் காணாமல் போயிருப்பது இதுதான். விற்பவரிடம் அதைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருந்தால் அதனால் பெரிய லாபமும் உண்டு: 200டி, 500டி போன்ற டங்ஸ்டன் பிலிமை (விளக்கு வெளிச்சத்துக்கென்று செய்தது) வெயிலில் ஓட்டும்போது, நிறத்தைச் சரிசெய்யும் 85 ஜெலட்டின் பில்டரை ஒரு துண்டு வெட்டி அதில் வைத்தால், முன்னால் சுழலும் டரெட்டில் மாட்டிய மூன்று லென்ஸுக்கும் அது ஒன்றே போதும்.

எச்16 முதலில் வந்தது 1935இல். லென்ஸ் வழியாகவே பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் 1956இல். செய்தது சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம். கேமராவுக்கு வருவதற்கு முன்பே இசைப்பெட்டி, கிராமபோன் எல்லாம் செய்தவர்கள். சாவி கொடுத்து ஓடும் இயந்திரத்தில் அவர்களுக்கு இருந்த கைத்தேர்ச்சி இந்தக் கேமராவில் அப்படியே தெரிகிறது. பேட்டரியே வேண்டாம். முழுச் சாவி கொடுத்தால் விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஏறக்குறைய 28 விநாடி ஓடும். 100 அடிச் சுருள் முழுவதும் 2 நிமிடம் 46 விநாடி. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் முழுச் சாவி கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். பிலிம் இல்லாமல் அதிவேகத்தில் மட்டும் ஓட்டவே கூடாது.

பிலிம் ஏற்றுவது பழகப் பழகச் சுகம். பிலிமின் நுனியை உள்ளேயே இருக்கும் சிறு கத்தியில் வெட்டி, பல்சக்கரத்தில் வைத்து ஓடவிட்டால், லூப் கைடுகள் தாமாகவே வளைவு போட்டு மறுபக்கம் கொண்டுவந்து தருகின்றன. மூடியைப் போட்டதும் அந்தக் கைடுகள் விலகிக்கொள்ளும். நிழலில் நின்று ஏற்றுங்கள். பிலிம் சுற்றிக்கொள்ளும் காலி ஸ்பூலின் விளிம்பு வளைந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்துவிடுங்கள். வளைந்த ஸ்பூல் நடுவில் சிக்கும், விளிம்பு வழியாக வெளிச்சத்தையும் விடும். எப்போதும் நல்ல ஸ்பூல் ஒன்று பையில் உபரியாக இருக்கட்டும்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். கேமராவில் மீட்டர் கிடையாது, கையில் ஒன்று வேண்டும். 24 பிரேமில் ஷட்டர் வேகம் உண்மையில் 1/65 விநாடி. ஆனால் உள்ளே இருக்கும் பிரிசம் வெளிச்சத்தில் ஒரு பங்கை வியூபைண்டருக்கு எடுத்துக்கொள்வதால், மீட்டரில் 1/80 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் மாடல் என்றால், நெம்புகோல் முழுத் திறப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பாதி மூடியிருந்தாலும் வியூபைண்டரில் எதுவும் தெரியாது.

அந்தப் பிரிசத்துக்காகவே 50 மி.மீ. வரையிலான லென்ஸ்களை ஆர்எக்ஸ் என்று தனியாகச் செய்தார்கள். அப்படிச் செய்யாத சாதாரண சி-மவுண்ட் (திருகி மாட்டும் வகை) லென்ஸைப் போட்டு அகலத் திறந்து எடுத்தால் கூர்மை குறையும். என் கையில் இருப்பதில் மிகவும் பிடித்தது 25 மி.மீ. எப்1.4 கெர்ன் ஸ்விட்டார். அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பத் திருப்ப, தூர அளவுகோலின் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். எங்கிருந்து எதுவரை போகஸில் இருக்கும் என்று கணக்கே போடாமல் தெரிந்துவிடும். இவ்வளவு அழகாக இந்த வேலையைச் செய்யும் வேறொரு லென்ஸை நான் தொட்டதில்லை.

துணைக்கருவிகளில் கையில் பிடிக்கும் கிரிப் கட்டாயம் வாங்கலாம். லென்ஸோடு கிட்டத்தட்ட மூன்று கிலோ, கிரிப் இல்லாமல் கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கும். ட்ரைபாட் திருகு சிலவற்றில் 3/8 அங்குலம், சிலவற்றில் 1/4 அங்குலம். பழைய மாடல்களின் அடிப்பாகம் சிறியது, தட்டில் ஆடும். கனமான ஜூம் லென்ஸை டரெட்டில் தொங்கவிடாதீர்கள், டரெட் லேசாகச் சாய்ந்தாலே போகஸ் போய்விடும். லென்ஸுக்கு முன்னால் வெயிலை மறைக்கும் மேட் பாக்ஸ், எலக்ட்ரிக் மோட்டார் இதற்கெல்லாம் செலவழிக்கும் பணத்தை ஒரு நல்ல சர்வீஸுக்குக் கொடுங்கள். உள்ளே கிரீஸ் இறுகிப்போன கேமராவில் வேகம் சீராக இருக்காது, எந்தத் துணைக்கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

கண்ணை எடுத்துவிட்டு ஓட்டுவதானால் வியூபைண்டரை மூடிவிடுங்கள், அந்த வழியாகவும் வெளிச்சம் போகும். விமானப் பயணத்தில் பிலிமைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்து, எக்ஸ்ரேயில் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வசனம் பேசும் காட்சி எடுப்பதானால் இந்தக் கேமரா வேண்டாம், ஓடும் சத்தம் ஒலிப்பதிவில் ஏறிவிடும். எடுத்து வைக்கும்போது சாவியை முழுதாக ஓடவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தோல் பையில் பூட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.