தொண்டைவலிக்குப் பிறகு பிள்ளை மாறிப்போனால்: நாலு கட்சி, நாலு வழி

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்று பெற்றவர்கள் சொன்னால் டாக்டர்கள் பெரும்பாலும் பாதிக் காதில்தான் வாங்குவார்கள். தொண்டைப்புண்ணுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வரும் பாண்டாஸ் என்ற நோயில் அந்தப் பேச்சுதான் முக்கியமான அறிகுறி. செவ்வாய்க்கிழமை தெருவில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை வியாழக்கிழமை தட்டில் எச்சில் பட்டுவிட்டதென்று சோற்றைத் தள்ளும். தோல் உரியுமட்டும் கை கழுவும். அம்மாவின் முந்தானையை விடாது. என்றைக்கோ நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பிவரும். என் மகளின் இரண்டாம் வகுப்பு நோட்டில் இதை நாள் பார்த்துச் சொல்லலாம். ஒரு பக்கம் வரை எழுத்தெல்லாம் கோட்டில் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் கொம்பும் காலும் கோட்டைவிட்டு இறங்கி ஓடுகின்றன, பென்சில் அழுத்தத்தில் தாள் பின்பக்கம் புடைத்திருக்கிறது.

1998-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் சுவீடோ குழு இப்படிப்பட்ட 50 பிள்ளைகளைப் பற்றி எழுதியது. ஸ்ட்ரெப் கிருமியால் தொண்டைப்புண் வந்தபின் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா என்ற பகுதியைத் தாக்குகிறது என்பது அவர்களின் ஊகம். பாண்டாஸ் என்று பேர் வைத்தார்கள். 2012-இல் வந்த பான்ஸ் என்ற விரிந்த வரையறை எந்தக் கிருமி என்று கேட்பதில்லை. திடீரென்று தொடங்கிய ஓசிடி (வேண்டாத பயமும் அதை அடக்கச் செய்த சடங்கையே திரும்பத் திரும்பச் செய்வதும்) அல்லது சாப்பாட்டை மறுப்பது இருக்கவேண்டும். கூடவே பதற்றம், கோபம், சின்னப்பிள்ளைத்தனம், படிப்புச் சரிவு, தூக்கக்கேடு போன்ற ஏழு வகையில் குறைந்தது இரண்டு சேர்ந்து வந்திருக்கவேண்டும். இது தனி நோய்தானா என்ற சண்டை டாக்டர்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் சாரல் தொடங்கினால் வீட்டுக்கு வீடு இருமல்தான். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை இப்படி மாறினால் வீட்டுக்குள் நாலு கட்சி உண்டாகிவிடும். ஆச்சி கட்சி, "பயந்திருக்கா, அச்சன்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போ" என்னும். அப்பா கட்சி, "ரெண்டு போட்டா சரியாயிரும்" என்னும். சித்தப்பா போனில் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் கட்சி ஆவார். மிச்சம் இருப்பது மனநல டாக்டர் கட்சி. அந்தப் பேரை எடுத்தாலே சத்தம் குறைந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் ஊளம்பாறை, இந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம் என்று பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லிச் சொல்லியே நம் ஊர்களை வளர்த்திருக்கிறார்கள்.

அச்சன்கோவிலுக்குத் தாராளமாகப் போகலாம். சந்தனம் பூசினால் ஆச்சிக்குத் தூக்கம் வரும், அந்த வீட்டில் அதுவும் தேவைதான். அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது, வாயில் எதையாவது ஊற்றுவது என்று போனால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். அப்பா கட்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடித்தால் பயம் கூடும், பயம் கூடினால் கை கழுவுவதும் கூடும்.

ஆன்டிபயாடிக் கட்சியிடம் பாதி நியாயம் இருக்கிறது. தொண்டையில் ஸ்ட்ரெப் இருப்பது ஸ்வாபில் (பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் துடைத்து எடுக்கும் சோதனை) தெரிந்தால் அமாக்சிசிலின் போன்ற மருந்தை 10 நாளும் விடாமல் கொடுக்கத்தான் வேண்டும். பாண்டாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதய வால்வைக் கெடுக்கும் வாதக்காய்ச்சலைத் தடுக்க அது தேவை. சிக்கல், ஸ்ட்ரெப்புக்கு எதிராக உடம்பு செய்த புரதத்தை அளக்கும் ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அந்த எண் சும்மாவே கூடுதலாக இருக்கும். தொற்று வந்து மூன்று முதல் ஆறு வாரத்தில்தான் அது உச்சிக்குப் போகும். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "கிருமிதான் காரணம்" என்று முடிவுகட்ட முடியாது. சில வாரம் இடைவெளிவிட்டு இரண்டு தடவை எடுத்து, ஏறுகிறதா என்று பார்த்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. தொண்டைவலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது, அதை ஆன்டிபயாடிக் தொடாது. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கி மூன்று நாள் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் தேவலை" என்று நிறுத்துவதுதான் இந்த வழியில் நான் பார்க்கிற பெரிய கேடு.

இதே கட்சியின் பணக்காரத் தம்பி ஐவிஐஜி. ரத்ததானம் செய்தவர்களின் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து நரம்பில் ஏற்றுவது. கிலோவுக்கு 2 கிராம் என்று வைத்தால் 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் எட்டு. அதற்காக நகை அடகுக்குப் போகிற வீடுகள் உண்டு. 1999-இல் சுமார் 30 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. 2016-இல் 35 பிள்ளைகளுக்குப் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் திரவம் என்று, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்த்தார்கள்; ஆறு வாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஆகவே எழுந்து நடக்க முடியாத, சோறு தண்ணீர் இறங்காத பிள்ளைக்கு, விவரமான குழந்தை நரம்பியல் டாக்டர் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னால் யோசிக்கலாம். முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குகிற மருந்து இது இல்லை.

கட்சி எதுவானாலும் முதலில் விலக்கவேண்டிய இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று சிடன்ஹாம் கொரியா, கை கால் தானாக அசையும் நோய். இதுவும் ஸ்ட்ரெப் வழி வருவதுதான், நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, மனமாற்றத்தோடும் தொடங்கும். டாக்டர் தன் இரண்டு விரலைப் பிள்ளையிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். பிடி இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகும். பால் கறக்கிற கை என்றே மருத்துவத்தில் அதற்குப் பேர். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டியபடி வைத்திருக்க முடியாது, உள்ளே இழுத்துக்கொள்ளும். இது உறுதியானால் எக்கோ எடுத்து இதய வால்வைப் பார்க்கவேண்டும். 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி வருஷக்கணக்கில் ஓடும். அங்கே ஆன்டிபயாடிக் கட்சி சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்று 2007-இல் அடையாளம் கண்ட என்எம்டிஏ மூளை அழற்சி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவது. வலிப்பு, பேச்சு குறைவது, வாயும் கையும் தானாக அசைவது, நினைவு மங்குவது என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. இஇஜி, எம்ஆர்ஐ, முதுகுத்தண்டு நீர் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். அந்த நோய்க்கு ஸ்டீராய்டும் ஐவிஐஜியும்தான் முதல் மருந்து, தாமதம் ஆகாது.

எங்கே போவது என்பதில் எங்களுக்கு இரண்டு திசை. கிழக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, அறுபது கிலோமீட்டர் சொச்சம். மேற்கே ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழி திருவனந்தபுரம், நூறு சொச்சம், அதில் பாதி மலை வளைவு. வாந்தி எடுக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே எஸ்ஏடி குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இதயம், நரம்பு பார்க்கும் ஸ்ரீசித்ராவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன சோதனைகளுக்கு அந்தப் பக்கம் வசதி. ஸ்கேனுக்கு மொழி வேண்டாம், உட்கார்ந்து பேசுகிற சிகிச்சைக்கு வேண்டும். பஸ்ஸிலும் டிவியிலும் மலையாளம் கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும் தன் பயத்தை மலையாளத்தில் எடுத்துச் சொல்லாது. சோதனைக்கு மேற்கே, பேச்சுக்குக் கிழக்கே என்பது என் கணக்கு. ஃபைல் ஒன்றாக இருக்கவேண்டும், இரண்டு டாக்டரும் ஒரே சீட்டைப் பார்க்கவேண்டும்.

மனநல டாக்டர் கட்சிக்குத்தான் என் ஓட்டு. நோய் கிருமியால் வந்திருந்தாலும் அப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2025 அறிக்கையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஓசிடிக்கு உண்டான வழக்கமான சிகிச்சையை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தால் சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இந்தப் பிள்ளைகளில் சிலர் அளவு கூடினால் துள்ளிப் படபடப்பார்கள். "மனசுக்கு மாத்திரையா, ஒடம்புக்கு மாத்திரையா?" என்று என் மாமியார் கேட்டார். "ரெண்டும் ஒரே தலைக்குள்ளதான் அத்தை இருக்கு" என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

உட்கார்ந்து பேசுகிற சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில் நடக்கிறது. அங்கேயும் இரண்டு வழி உண்டு: பிள்ளை கேட்பதையெல்லாம் செய்வது, எதையும் செய்யமாட்டேன் என்று நிற்பது. கேட்பதைச் செய்வது எப்படிப் போகும் என்றால்:

"அம்மா, அந்தத் தண்ணியக் குடிச்சா செத்துருவேனா?"

"இல்ல தாயி."

"நெசமாவா?"

"நெசமா."

"ஆச்சி மேல சத்தியமா?"

சத்தியம் செய்தால் அரை நிமிஷம் அடங்கும். அப்புறம் தம்பி மேல் சத்தியம். ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்வியைக் கொண்டுவருகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மறுத்தாலோ, பிள்ளை தலையைச் சுவரில் மோதும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நடுவழி: ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான். திரும்பக் கேட்டால், "இது பயம் கேக்குது, நீ கேக்கல. பயத்துக்கு நான் பதில் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்காருவது, எழுந்து போகாமல். வாரத்துக்கு ஒரு சடங்கு மட்டும் குறைப்பது. கை கழுவுவதைத் தொட்டால் அந்த வாரம் தட்டைத் தொடுவதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவேண்டும். ஆச்சி அடுப்படியில் ரகசியமாகச் சத்தியம் செய்துகொடுத்தால் பட்டபாடு வீண்.

நோய் உச்சத்தில் இருக்கும்போது இதையும் தளர்த்தத்தான் வேண்டும். எடை இறங்குகிற பிள்ளையிடம் சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதம் கூடாது. ஒரே தம்ளரில்தான் குடிப்பேன் என்றால் அந்தத் தம்ளரிலேயே கஞ்சி கொடுக்கலாம். தண்ணீரே இறங்கவில்லை, நாள் முழுக்க மூத்திரம் போகவில்லை, சாகப்போகிறேன் என்று சொல்கிறது என்றால் வீட்டு வைத்தியம் எல்லாம் முடிந்தது, வண்டி பிடிக்கவேண்டும். ராத்திரி யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

பள்ளிக்கூடத்தில் நீளமாக விளக்க வேண்டியதில்லை. கிளாஸ் டீச்சரிடம் மூன்று விஷயம் போதும்: கேட்டபோதெல்லாம் பாத்ரூம் விடுங்கள், கையெழுத்துக்கு மார்க் குறைக்காதீர்கள், வகுப்பில் யாருக்காவது காய்ச்சலோடு தொண்டைவலி என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் போன் வந்தால் பழைய மாத்திரை அட்டையைத் தேடவேண்டாம். என் பிள்ளைக்கும் தொண்டை வலித்தால் ஸ்வாப் எடுக்கக் கூட்டிப்போகவேண்டும், வலிக்காவிட்டால் அந்த வாரம் நோட்டைப் புரட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.